நகப்பூச்சு பூசிய கோணமானி: ஒரு கணக்கு ஆசிரியையின் திறந்த மடல்

தமிழ்நாட்டில் பாடநூல், பள்ளி உபகரணம், சத்துணவு, அரசுப் பேருந்து, அரசுப் படிவம் ஆகியவற்றை முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். நான் சொல்ல வந்ததை ஒரு கோணமானியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியவைக்க முடியும் என்று தோன்றுகிறது.

கோணமானியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். வெளி வரிசை இடப்பக்கம் 0இல் தொடங்கி வலப்பக்கம் 180இல் முடியும். உள் வரிசை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும். அதனால் ஒரே கோட்டின் மேல் 60ம் இருக்கும், 120ம் இருக்கும். எதைப் படிப்பது? கோணத்தின் கை எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சுழியத்திலிருந்து தொடங்கும் வரிசையைப் படிக்க வேண்டும். இதை நான் இங்கே எழுதவே இத்தனை சொல் தேவைப்படுகிறது. பதினோரு வயதுப் பிள்ளை கண்ணில் முதலில் பட்ட எண்ணை எழுதிவிடும். கூராக ஒரு குறுங்கோணத்தை அழகாக வரைந்து, பக்கத்தில் 120° என்று குறித்திருக்கும். விடைத்தாளில் அதைப் பார்க்கிற ஆசிரியர், இந்தப் பிள்ளைக்குக் கோணம் என்றால் என்னவென்றே புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். நானும் பல வருஷம் அப்படித்தான் முடிவு கட்டி, சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ஒரு நாள் அப்படி எழுதிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, கோணமானி இல்லாமல், "இது செங்கோணத்தைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டேன். "சின்னது டீச்சர்" என்றாள், யோசிக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குக் கோணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. கருவிதான் அவளைத் தடுக்கி விழவைக்கிறது.

மறுநாள் ஸ்கெட்ச் பேனாவால் உள் வரிசைக்குச் சிவப்பு, வெளி வரிசைக்கு நீலம் என்று அடையாளம் வைத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, இரண்டு நாளில் விரலோடு வந்துவிட்டது. அப்புறம் கடைத்தெருவில் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு குப்பி நகப்பூச்சு வாங்கிக்கொண்டு போனேன். உள் வரிசையின் சுழியத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, வெளி வரிசையின் சுழியத்தில் ஒரு நீலப் பொட்டு. பிறகு முப்பது முப்பது பாகைக்கு ஒன்றாக அதே நிறத்தில் சின்னப் புள்ளிகள். "சிவப்புல கால் வச்சா சிவப்புலயே நட, நீலத்துல வச்சா நீலத்துலயே நட." இவ்வளவுதான் விதி. அந்த வாரமே வகுப்பில் 60ஐ 120 என்று எழுதுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்போது மூத்த பிள்ளைகளே ஆறாம் வகுப்புக்கு வந்து புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அரசு விலையில்லாமல் கொடுக்கும் கணித உபகரணப் பெட்டியின் குறையாக நான் இதைச் சொல்லவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கும் பெட்டியிலும் இரண்டு வரிசையும் பெரும்பாலும் ஒரே கறுப்பில்தான் இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் பெட்டியை மாற்றச் சொல்லி நான் யாரிடம் போய்க் கேட்பது? உங்களிடம் கேட்கலாம். நீங்கள் டெண்டர் விடும்போது ஒரு வரி சேர்த்தால் போதும்: "இரண்டு வரிசை எண்களும் இரண்டு வேறு நிறங்களில் அச்சிடப்பட வேண்டும்." அந்த ஒரு வரி மாநிலம் முழுக்க எத்தனை பிள்ளைகளின் கைக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். நிறத்தைப் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள் என்பதால், ஒரு வரிசையைத் தடித்த எழுத்திலும் மற்றதை மெல்லிய எழுத்திலும் போட்டால் இன்னும் நல்லது.

அளவுகோலுக்கும் இதே கதைதான். ஒரு பையன் தன் பென்சிலை அளந்து 8 செ.மீ. என்றான். நான் அளந்தேன், 7. அவன் 1இல் வைத்துத் தொடங்கியிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, "எண்ணும்போது ஒன்னுலேர்ந்துதானே டீச்சர் ஆரம்பிக்கிறோம்?" என்றான். எவ்வளவு சரியான கேள்வி! அளவுகோலில் எண்கள் கோடுகளுக்கு நேராக இருக்கின்றன. அளப்பதோ கோடுகளை அல்ல, கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை. போதாக்குறைக்கு, பல அளவுகோல்களில் சுழியம் விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். சில பிள்ளைகள் விளிம்பிலிருந்தே அளப்பார்கள், அவர்களுக்கும் தப்பு வரும். ஒவ்வொரு சென்டிமீட்டரையும் ஒரு கட்டமாக, ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாற்றி அச்சிட்டு, விளிம்பிலேயே சுழியம் தொடங்கினால், ஒன்று என்பது முதல் கட்டம் முடியும் இடம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். தொடக்க வகுப்புகளுக்கு மட்டுமாவது இப்படி ஓர் அளவுகோல் வேண்டும்.

இத்தனை சின்ன விஷயத்துக்கா திறந்த மடல் என்று கேட்கலாம். கல்வியில் புதுமை என்றால் ஒரு செயலி, ஒரு திரை, ஒரு பயிற்சி முகாம் என்றே பேசுகிறோம். அவையும் வேண்டும்தான். ஆனால் நம் மாநிலத்தில் நின்று நிலைத்த புதுமைகள் எங்கே இருந்தன என்று பாருங்கள். என் வயதுக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று தொடங்கினால் அடுத்த வரியைச் சொல்லி முடிப்பார்கள். யாரும் அதைத் தேர்வுக்குப் படிக்கவில்லை. ஒவ்வொரு பாடநூலிலும் முதல் சில பக்கங்களில் அது இருந்தது, அவ்வளவுதான். அரசுப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறள் எழுத வேண்டும் என்று நினைத்தவர்கள், எல்லோரும் ஏறும் வண்டியில் எல்லோர் கண்ணும் போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அதைப் பற்றி ஆயிரம் கருத்து உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அதோடு வந்த ஒன்றை நான் எப்போதும் கொண்டாடுவேன்: தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், சுவரைச் சுற்றி ஓடும் கரும்பலகை. பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் பழையவை. உயரம் மட்டும்தான் புதிது. அதுவரை ஆசிரியருக்குச் சொந்தமாக இருந்த பலகை அன்றைக்குப் பிள்ளைகளுடையதாகிவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக்கி ஊர் ஊராக ஓட்டினார்கள். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, உலகமே நூலகவியலின் ஆசானாக மதிக்கும் எஸ்.ஆர். ரங்கநாதன். புத்தகம் தேடி மக்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், எல்லா ஊருக்கும் ஏற்கெனவே போய் வந்துகொண்டிருந்த மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றினார்கள்.

நான் கேட்பதும் அதைத்தான். ஏற்கெனவே எல்லோர் கையிலும் போய்ச் சேருகிற பொருளில் யோசனையை ஏற்றுங்கள். அப்படிப் பார்த்தால் பாடநூலைவிட அதிக தூரம் போகும் வண்டி நம்மிடம் எது இருக்கிறது?

பாடநூலின் பின்னட்டை விளிம்பில் 20 செ.மீ. அளவுகோல் ஒன்றை அச்சிடலாம். அளவுகோலைத் தொலைத்த பிள்ளைக்குக்கூட அப்போது அளவுகோல் இருக்கும். கணக்குப் புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தாள், அறிவியல் புத்தகத்தில் ஒரு கண்பார்வைச் சோதனை எழுத்துப் பட்டியல். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தே எழுதுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பல வருஷம் கழித்துத்தான் கண்ணாடி தேவை என்றே தெரியவரும். புத்தகத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, சொன்ன தூரத்தில் நின்று படிக்கச் சொன்னால், ஜூன் மாதத்திலேயே ஆசிரியருக்குச் சந்தேகமாவது வரும். மருத்துவர்தான் சரியான எழுத்து அளவையும் தூரத்தையும் சொல்ல வேண்டும். அட்டை நம்மிடம் இருக்கிறது.

2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு வைத்தீர்கள். நல்ல யோசனை, நான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். வீட்டில் நடப்பது வேறு. பிள்ளை வீட்டில் இருக்கும் நேரத்தில் போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இருட்டிய பிறகு அவர் வரும்போது சார்ஜ் இருக்காது, இல்லையென்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். பாட்டியிடம் ஒரு பட்டன் போன் இருக்கும், அது எப்போதும் வீட்டிலேயே இருக்கும். கியூ.ஆர். கோடுக்குக் கீழே ஒரு போன் எண்ணையும் அச்சிடுங்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரட்டும். பக்க எண்ணை அழுத்தினால், அந்தப் பாடத்தை ஓர் ஆசிரியர் மூன்று நிமிஷம் பேசி விளக்கட்டும். செய்யுள் என்றால் பாடிக் காட்டட்டும், ஆங்கிலப் பாடம் என்றால் நிதானமாக வாசிக்கட்டும். பாட்டியும் கூடவே உட்கார்ந்து கேட்பார். நல்ல குரலும் பாடத்தில் தேர்ச்சியும் உள்ள ஆசிரியர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாகப் பேசிக் கொடுப்பார்கள்.

அடுத்து சத்துணவுக் கூடம். எங்கள் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறிலிருந்து எட்டு வரை 150 கிராம் என்பது கணக்கு. கூடத்தின் வெளிச்சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை வைத்து, அன்றைய வருகையைப் பிள்ளைகளே எழுதினார்கள். கீழ் வகுப்பில் 62 பேர், மேல் வகுப்பில் 41 பேர். அப்படியென்றால் எத்தனை கிலோ? 6.2 கிலோவும் 6.15 கிலோவும், ஆக 12.35 கிலோ. அமைப்பாளர் அம்மா தராசில் அரிசியை நிறுக்கும்போது அதே எண் வருகிறதா என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். புத்தகத்தில் தசமப் புள்ளியைக் கண்டால் முகம் சுளித்த பிள்ளைகள், "6.2 பெரிசா, 6.15 பெரிசா?" என்று கூடத்து வாசலில் நின்று சண்டை போட்டார்கள். 15 என்பது 2ஐவிடப் பெரியது, அதனால் 6.15தான் பெரியது என்று ஒரு கட்சி. தராசுதான் தீர்ப்பு சொன்னது. நான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு கூடத்துக்கும் இந்தப் பலகையை விதியாக்கினால் பிள்ளைகள் கணக்குக் கற்பார்கள், ஊராருக்கும் அன்றைய கணக்கு தெரியும். அமைப்பாளருக்கு இது கூடுதல் வேலையாகிவிடக் கூடாது, எழுதுவது பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

போக்குவரத்துத் துறைக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, பேருந்தின் ஊர்ப்பலகையில் ஒரு படம். நம் நாட்டில் 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேர் வாக்களிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். இன்றுவரை சின்னம் இருக்கிறது, படித்தவர்களும் சின்னத்தைத்தான் தேடுகிறார்கள். மெக்சிகோ நகரத்தில் 1969இல் மெட்ரோ ரயில் வந்தபோது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் கொடுத்தார்கள். பெயரைப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து இறங்கலாம். நம் பேருந்து நிலையத்தில் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். கண் மங்கிய பெரியவர்கள், தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வண்டி போய்விடுகிற சின்னப் பிள்ளைகள், எல்லோரும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறார்கள்.

இதை என் ஏழாம் வகுப்பில் ஒரு மதியம் பேசினோம். திருவாரூருக்கு ஆழித்தேர், இதில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. வேதாரண்யத்துக்கு உப்புக் குவியல். தஞ்சாவூருக்குப் பெரிய கோயிலா, தலையாட்டி பொம்மையா என்று பெரிய விவாதம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கோபுரமும் ஒன்றுபோல இருக்கும், பொம்மைதான் தெளிவாகத் தெரியும் என்று ஒரு பையன் சொன்னான். கும்பகோணத்துக்கு வெற்றிலை, திருத்துறைப்பூண்டிக்கு நெற்கதிர், முத்துப்பேட்டைக்கு அலையாத்தி மரம். மன்னார்குடிக்குத் தெப்பக்குளம் என்று சொல்லிவிட்டு, அதை எப்படி வரைவது என்று விழித்தார்கள். கடைசியில் ஒரு சதுரம், நடுவில் ஒரு சின்ன மண்டபம் என்று முடிந்தது. அந்தப் படங்கள் பள்ளியில் பத்திரமாக இருக்கின்றன, கேட்டால் அனுப்பி வைக்கிறோம். ஒவ்வொரு ஊர்ச் சின்னத்தையும் அந்தந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, பேருந்துக்குள் ஓடும் டிவி. அதில் பாட்டு ஓடும்போது பாட்டு வரிகளும் அதே மொழியில் கீழே ஓடட்டும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி என்பவர் இந்த யோசனையை முன்வைத்து, 1999இல் குஜராத்தி தூர்தர்ஷனின் 'சித்ரகீத்' நிகழ்ச்சியில் செய்து காட்டினார். கொஞ்சம் எழுத்து தெரிந்து, படிக்க வராமல் இருப்பவர்களுக்கு இது நல்ல பயிற்சி. பாட்டு அவர்களுக்கு மனப்பாடம், அடுத்து என்ன சொல் வரும் என்று தெரியும், அதனால் கண் எழுத்தை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் பாட்டுக்குப் பஞ்சமா என்ன? அப்படியே குறள் பலகையையும், அட்டையைச் செருகி மாற்றும்படி செய்தால், மாதம் ஒரு குறள் மாறும். பக்கத்தில் ஒரு விடுகதையும் போட்டால், விடை அடுத்த மாத அட்டையில் வரும். பாஸ் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அதற்காகவே முன்பக்கம் போய் நிற்பார்கள்.

கடைசியாகப் படிவங்கள். ஒரு மாணவியின் அப்பா, விவசாயக் கூலி வேலை செய்பவர், ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஓர் அலுவலகத்தில் மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். "டீச்சர், இதுல மேற்படியார்னு போட்டிருக்கே, அது நானா, என் பொண்ணா?" நானே இரண்டு தடவை படித்த பிறகுதான் சொல்ல முடிந்தது. மூன்று நாள் கூலி போயிற்று அவருக்கு.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பச் சொல்லி ஒரு கேள்வி வருகிறது. படிவத்துக்குப் பிள்ளைகள் தயாராகிறார்கள். படிவத்தையும் பிள்ளைகளுக்குத் தயார்படுத்துங்கள். புதுப் படிவம் எதுவாக இருந்தாலும் அச்சுக்குப் போகும்முன், ஐந்து மாவட்டங்களில் ஒவ்வோர் எட்டாம் வகுப்புக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, மாதிரிக்கு நிரப்பி எடுத்து வரட்டும். எந்தக் கட்டத்தில் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறுகிறார்களோ, அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதுங்கள். தேர்வு படிவத்துக்கு, தேர்வாளர்கள் பிள்ளைகள். எங்கள் வகுப்பு இதற்குத் தயார். சொந்தப் பெயர், முகவரி, எண் எதையும் எழுதாமல் கற்பனை விவரங்களை வைத்து நிரப்பச் சொல்லித் தருவது எங்கள் பொறுப்பு.

இதில் எதையும் ஒரே நாளில் மாநிலம் முழுக்கச் செய்யச் சொல்லவில்லை. கோணமானியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த டெண்டருக்கு முன் இரண்டு நிறத்தில் சில நூறு மாதிரிகள் செய்து, பத்து ஒன்றியங்களில் ஆறாம் வகுப்புகளுக்குக் கொடுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள், எந்த நிறம் சீக்கிரம் அழிகிறது, எந்த எழுத்து அளவு சின்னதாக இருக்கிறது என்று நாங்கள் எழுதி அனுப்புகிறோம். என் மேசை இழுப்பறையில் சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு குப்பி இருக்கின்றன, சிவப்பு தீரப்போகிறது. ஜூன் மாதம் புதிது வாங்க வேண்டும்.

அன்புடன்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்